கொம்பன் சார்பில் ஒரு டிரா

ஞானசிகாமணி தன் பிஷப்பை ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்தார், தலையை நிமிர்த்தாமலே "டிரா வச்சுக்கலாமா?" என்று கேட்டார், கடிகாரத்தை அமுக்கினார். கேட்டது தன்னைத்தான் என்று உமையாளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. காலையிலிருந்து அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் அவள்தான், ஆனால் ஆடுவது அவள் இல்லை, பக்கத்து மேசையில் முதுகு பெருத்த மானிட்டரோடு இரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர், அதற்குள் இருக்கும் கொம்பன் என்கிற செஸ் புரோகிராம். கொம்பன் திரையில் சொல்வதைப் பலகையில் வைப்பாள், அவர் பலகையில் வைப்பதைக் கொம்பனுக்குத் தட்டிவிடுவாள், கடிகாரத்தை அமுக்குவாள், அவ்வளவுதான் இன்றைக்கு அவள் வேலை. பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போக, இப்போதும் அவர் நகர்த்தியதைத் தட்டிவிட்டாள். கொம்பன் யோசிக்கத் தொடங்கியது, எண்கள் ஓடின. பிஷப் பின்வாங்கியது அதற்குத் தெரியும், டிரா கேட்டது தெரியாது. தெரிவிக்க வழியும் கிடையாது. அதற்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். வைக்காமல் விட்டவள் அவளேதான். கல்லூரி வகுப்புகள் முடிந்த பிறகு அவளும் கூடப் பாடம் எடுக்கும் தியாகேசனுமாக ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய கொம்பனில், குதிரை எப்படித் தாண்டும், ராஜா எப்போது கோட்டைக்குள் ஒதுங்கும் என்று எல்லாம் எழுதியாகிவிட்டது, எதிரில் இருப்பவர் போதும் என்று சொன்னால் என்ன செய்வது என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தாள், அந்தப் பிறகு இப்போது வந்து எதிரே உட்கார்ந்திருந்தது, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு.

பொன்னாடை காலையில் கல்லூரி முதல்வர் போர்த்தியது. மெஷின் சூடாகக் கூடாது என்று ஏசியைக் கூட்டி வைத்திருந்ததில் பத்து மணிக்கே அவருக்குக் குளிர் எடுத்துவிட்டது, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று நடுவர் அமலதாஸிடம் கேட்டார், அமலதாஸ் தியாகேசனைப் பார்த்தார், தியாகேசன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், குறைக்கவில்லை. அப்போதுதான் நாற்காலியின் முதுகில் கிடந்த ஜரிகைத் துணியை எடுத்து உதறி, கழுத்து வரைக்கும் இழுத்துச் சுற்றிக்கொண்டார். நாகர்கோவில்காரர், அறுபதை நெருங்குகிறார், உலகத்தில் எந்தெந்த ஊரிலோ யார் யாருடனோ ஆடி கிராண்ட்மாஸ்டர் ஆனவர், கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி மண்டபத்தில் கல்யாண வீட்டுத் தாத்தா மாதிரி ஜரிகைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க உமையாளுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவளோடு கை குலுக்கினார், பிறகு ஒரு கணம் தயங்கி மானிட்டரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அது கேலியில்லை, மரியாதைதான். கேலி என்றால் அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அவர் காத்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியது கொம்பனின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. காலையில் அமலதாஸ் விதிகளை வாசித்துக் காட்டியபோது அதையும் சொன்னார்: டிரா கேட்பதும், கேட்டால் பதில் சொல்வதும், கம்ப்யூட்டர் சார்பில் அதை இயக்குபவரே செய்யலாம், வேறு யாரையும் கலக்கக் கூடாது. தியாகேசன் அதைக் கேட்டுச் சிரித்தான். மண்டபத்துக்குள் வருவதற்கு முன் அவளைத் தனியாக அழைத்து, அவர் டிரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு, யோசிக்கவே யோசிக்காதே, அவர் களைத்துப் போவார், இது களைக்காது, சாயங்காலம் வரைக்கும் இழுத்தால் எங்கேயாவது தடுக்கி விழுவார் என்றான். நல்லவன்தான் தியாகு. ஜெயித்தே ஆக வேண்டும் என்கிற ஆசை அவனுக்குக் காய்ச்சல் மாதிரி, வந்தால் கண்ணெல்லாம் சிவந்துவிடும். இப்போது அவன் பக்கத்து ஹாலில், பெரிய பலகையில் ஆட்டத்தைப் பார்க்கிற கூட்டத்தோடு இருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டபடியே இருந்தது.

யோசிக்கவே யோசிக்காதே. அதுதான் முடியவில்லை. ஒரு பெரியவர் கேட்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு நினைப்பு எழுந்ததும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் எழுந்தது, பெரியவர் கேட்டார் என்பதற்காகத்தானே அன்றைக்கும். பதினேழு வயது. திருச்சியில் ஒரு போட்டி. காரைக்குடியிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் போயிருந்தாள், நீலப் பாவாடை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஜடை, எதிரே ஒரு பேங்க் அதிகாரி, நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. மூன்று மணி நேர ஆட்டம் முடிகிற சமயத்தில் அவர் வாட்சைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, போதுமே, டிரா வச்சுக்குவோமா" என்றார், சொன்னதோடு நிற்காமல் கையையும் நீட்டிவிட்டார். நீட்டிய கையைச் சும்மா விடுவது எப்படி? வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? கையைக் கொடுத்துவிட்டாள். அவர் எழுந்து போன பிறகுதான் பலகையைப் பார்த்தாள், அவர் யானை அகப்பட்டிருந்தது, இரண்டு நகர்த்தலில் விழுந்திருக்கும், ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது, பாவம், வழியில் திருமயத்தில் இறங்கி அவளுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருஷம் ஆடினாள், காலேஜ் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, பலகை பரணுக்குப் போயிற்று. அதில் வருத்தம் என்று பெரிதாக இல்லை. ஆனால் கொம்பனை எழுதும்போது, ஆட்டம் சமமாகத் தெரிந்தாலும் டிராவை எவ்வளவு தூரம் வெறுக்க வேண்டும் என்பதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தியாகு கேட்டான், அவள் யோசிக்காமல் 'வீம்பு' என்றாள். வீம்பு அரைச் சிப்பாய். அதாவது டிரா என்றால் கொம்பனுக்கு அரைச் சிப்பாய் பறிபோன மாதிரி, அதைவிட மோசமில்லாத எந்த வழி கிடைத்தாலும் அதில் போய்விடும். கால் போதுமே என்றான் தியாகு. அரை, என்றாள் அவள். யாருக்காக அரை, எந்தப் பேனாக்காரருக்காக அரை என்று அன்றைக்கு அவனுக்குச் சொல்லவில்லை, தனக்கே அன்று தெரிந்திருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

ஆக, சரி என்றால் அது அந்த ஜடைப் பெண் சொல்கிற சரி. வேண்டாம் என்றால் அது அந்த ஜடைப் பெண்ணுக்காகப் பழிவாங்கச் சொல்கிற வேண்டாம், இல்லாவிட்டால் தியாகுவின் வேண்டாம். இதில் தன்னுடையது எது? எண்கள் ஓடுகின்றன. கொம்பனுக்கு ஒரு சிப்பாய் அதிகம், திரையில் கணக்கு அதன் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, ஆனால் திரை சொல்வது எப்போதும் திரை சொல்வதுதான். இதற்கெல்லாம் இவ்வளவு யோசிப்பாளா ஒருத்தி, வீட்டில் இருந்தால் கணவன் வயிரவன் சிரித்திருப்பான். வீட்டில் டிரா ஆகாத நாள் உண்டா. அவனுக்கு ஃபேன் ஐந்தில் சுற்ற வேண்டும், அவளுக்கு இரண்டு போதும், கல்யாணமான புதிதில் அதற்காக ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள், அப்புறம் எப்போது என்று தெரியாமலே மூன்றில் வந்து நின்றுவிட்டது, அவனுக்கு வேர்க்கும், அவள் போர்த்திக்கொள்வாள், இரண்டு பேருக்குமே பிடிக்காத மூன்று, இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறார்கள். யாரும் யாரிடமும் கையை நீட்டிக் கேட்கவில்லை. அது வந்தது. அது வருவதற்கு அந்த ஒரு வாரச் சண்டை வேண்டியிருந்தது. உமையாள் மூச்சை இழுத்துவிட்டாள், ஏசியின் குளிர் மூக்கின் உள்ளே ஊசி மாதிரி ஏறிற்று, அப்போதுதான் ஒன்று பிடிபட்டது: காலையிலிருந்து அவள் இந்தப் பலகையைப் பார்க்கவே இல்லை. கட்டத்தின் பெயரைப் பார்த்தாள், எழுத்தும் எண்ணுமாகத் தட்டினாள், காய்களை எடுத்து வைத்தாள், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. திருச்சியில் நடந்ததும் அதுதான், கை நீட்டியது தப்பில்லை, பார்க்காமல் கொடுத்ததுதான் தப்பு. பார்க்காத ஒன்றுக்குச் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, ஆனால் இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும், பார்ப்பதற்கு நேரம் தருவது இரண்டாவதுதான்.

"இன்னும் கொஞ்சம் ஆடலாம் சார்," என்றாள்.

"ஆடலாமே," என்றார் ஞானசிகாமணி. முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடித்தார். கொம்பன் தன் பிஷப்பை நகர்த்தச் சொன்னது, நகர்த்தினாள். அவர் தன் பிஷப்பை நகர்த்தினார். பெரிய காய்களெல்லாம் மதியத்துக்குள்ளேயே வெட்டுப்பட்டுப் போயிருந்தன. ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு பிஷப், கொஞ்சம் சிப்பாய்கள். கொம்பனின் பிஷப் வெள்ளைக் கட்டங்களில் மட்டும் போவது, அவருடையது கறுப்புக் கட்டங்களில் மட்டும் போவது, ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலே காலம் தள்ளுகிற இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி, ஒன்று மற்றதை ஒருநாளும் தொட முடியாது. பார்க்கப் பார்க்கப் பலகை மெல்ல அவளுக்குத் திறந்தது. பழைய வழி, எத்தனையோ வருஷம் நடக்காத வழி, கால் தானாகப் போயிற்று. அந்த அதிகச் சிப்பாய் எத்தனை நாள் நடந்தாலும் கடைசிக் கட்டத்துக்குப் போகாது, வழியில் கறுப்புக் கட்டம் ஒன்றில் அவர் ராஜா வந்து உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப முடியாது. டிராதான். சரியாகத்தான் கேட்டிருக்கிறார். களைத்துப்போய்க் கேட்கவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஆட்டத்துக்குச் செய்கிற மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இதைத் தானே கண்டுபிடித்தோம் என்பதில் உமையாளுக்கு உள்ளே எங்கேயோ சூடாக ஒன்று பரவிற்று, முதல் மிடறு காப்பி இறங்குவது போல. இரண்டு பிஷப்களும் போய்ப் போய் வந்தன. இப்படியே வந்துகொண்டிருந்தால் ஒரே நிலை மூன்று தடவை வந்து ஆட்டம் விதிப்படியே டிரா ஆகிவிடும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நல்லதுதான் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் இன்னொன்று உறைத்தது. மூன்றாவது தடவை வரக் கொம்பன் விடாது. வீம்பு அரைச் சிப்பாய். மூன்றாவது தடவை வருவதற்கு முன்னால் அது வேறு ஏதாவது செய்யும், என்ன செய்யும், பிஷப்பையும் ராஜாவையும் தவிர நகர்த்துவதற்கு என்ன இருக்கிறது, ஓரத்துச் சிப்பாய் இருக்கிறது. ஓரத்துச் சிப்பாயைத் தள்ளும். தள்ளினால் என்ன? பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தள்ளினால் அது காவல் காத்துக்கொண்டிருந்த கட்டம் திறந்து போகும், அவர் ராஜா அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும், மெதுவாக, ஒரு கட்டம் ஒரு கட்டமாக வந்து, கொம்பனின் சிப்பாய்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும். அது இன்னும் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்கு அப்பால். கொம்பன் அவ்வளவு தூரம் பார்க்காது. அவளால் பார்க்க முடிந்தது, அவர் பார்ப்பாரா? வெந்நீர் மூடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் இந்த மனிதர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்.

கொம்பன் சொல்வதைத்தான் அவள் வைக்க முடியும், மாற்றி வைத்தால் அமலதாஸ் எழுந்து வருவார், வர வேண்டியதும் நியாயம். திரையில் கொம்பன் இப்போது பிஷப்பைத் திருப்பி வைக்கச் சொல்கிறது. இதோடு இந்த நிலை இரண்டாவது தடவை. அடுத்தது மூன்று. அடுத்த முறை அது பிஷப்பைத் தொடாது. அவள் கை பிஷப்பின் தலையில் இருந்தது. ஆறு வருஷம். அவள் கொடுத்த எண்ணே அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளப்போகிறது, நாளைக்குப் பேப்பரில் தோற்றது என்று வரும், தியாகு ஒரு மாதத்துக்குச் சாப்பிட மாட்டான், அதுகூடப் பெரிதில்லை, ஆட்டம் டிரா, அது டிராவாகத்தான் முடிய வேண்டும், ஒரு பிடிவாதத்தால் கெட்டுப்போகக் கூடாது. ஆனால் சற்று முன்னால்தான் வேண்டாம் என்றவள், இப்போது எந்த முகத்தோடு கேட்பது, மறுத்தவளே வந்து கேட்டால் ஏன் என்று நினைப்பார், எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்து உட்கார்ந்து தேடினால், தேடத்தான் செய்வார், தேடினால் கிடைக்கும். கேட்கவில்லை என்றால் கிடைத்தே தீரும். பிஷப்பை வைத்தாள். கடிகாரத்தின் மேல் விரல் நின்றது. வாழ்க்கையில் ஒருநாளும் யாரிடமும் அவளாக டிரா கேட்டதில்லை.

"சார், டிரா கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு அமுக்கினாள்.

ஞானசிகாமணி தலையை நிமிர்த்தினார். முதலில் அவளைப் பார்த்தார், அப்புறம் மானிட்டரை, அப்புறம் மறுபடியும் அவளை. பலகையின் மேல் குனிந்தார். அவர் குனிந்ததும் உமையாளுக்கு மற்றதெல்லாம் நின்றுபோயிற்று, மெஷினின் இரைச்சல்கூட எங்கேயோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. பார்க்கட்டும். அவர் கண் ராஜாவின் மேல் நின்றது, நகர்ந்தது, ஓரத்துச் சிப்பாய்க்கு வந்தது, ஐயோ, அங்கேயே நின்றது, இல்லை, தாண்டிப் போய்விட்டது, மறுபடியும் அங்கே வருகிறது. இவ்வளவு நேரம் அவர் இப்படித்தானே காத்திருந்திருப்பார், நம் முகத்தில் எது தெரிகிறதோ என்று பார்க்காமல், மரியாதையாக வெந்நீர் குடித்துக்கொண்டு. அவளுக்குக் குடிக்க வெந்நீர்கூட இல்லை. ஆனால் விநோதமாக, பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவர் சரி என்றாலும் இல்லை என்றாலும், பார்த்துவிட்டுத்தான் கேட்டோம், நாம்தான் கேட்டோம்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கலாமா," என்றார் அவர். "மெஷின் கேக்குதா, நீங்க கேக்கீங்களா?"

"நான்தான் சார்."

"அப்பச் சரி," என்று கையை நீட்டினார். குளிரில் விறைத்த கை, உள்ளங்கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அமலதாஸ் வந்து கடிகாரத்தை நிறுத்தினார், முடிவை அறிவிக்கப் பக்கத்து ஹாலுக்குப் போனார், கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது, நடுவே யாரோ ஏமாற்றத்தோடு உச்சுக் கொட்டுவதும் கேட்டது, அது தியாகுவாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள், அதுவும்கூட அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஞானசிகாமணி எழுந்திருக்கவில்லை. மறுத்துவிட்டு ஏன் கேட்டீர்கள் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள், அவர் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது அதற்கு இன்னும் தெரியாது சார் என்று திரையைக் காட்டினாள், உங்கள் பிஷப்பை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். அவர் வைத்துக் காட்டினார், அவள் நினைத்த அதே கட்டம். தட்டிவிட்டாள். இருவரும் மானிட்டரின் பக்கம் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள். எண்கள் ஓடின. இல்லாவிட்டால் என்ன செய்வது, சமர்த்தாகப் பிஷப்பை எடுத்து வைத்துவிட்டால், இவ்வளவு பயமும் வெறும் பிரமை என்று ஆகிவிட்டால்? திரையில் எழுத்து வந்தது. ஓரத்துச் சிப்பாய்.

ஞானசிகாமணி எழுந்து பலகையில் அந்தச் சிப்பாயைத் தானே தள்ளி வைத்தார். பிறகு தன் ராஜாவைக் காலியான கட்டத்தின் பக்கமாக விரலால் ஒரு தடவை, இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தார். உமையாள் பொன்னாடையின் ஜரிகை நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும், கோபப்பட்டால் படட்டும், மறைக்க முடியாது.

"இதுக்குத்தான் கேட்டீகளா," என்றார்.

ஆமாம் என்றாள். அந்த வீம்பு எண்ணைப் பற்றிச் சொன்னாள், அரை என்று பிடிவாதம் பிடித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். திருச்சியைச் சொல்லவில்லை, அது அவருக்கு எதற்கு. அவர் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாத சிரிப்பு. நீங்கள் கேட்காவிட்டாலும் இதை நான் பார்த்திருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை, பசி நேரம் வேறு என்றார். பிறகு, காலையிலிருந்து இந்த மேசையில் நடந்ததிலேயே எனக்குப் பயம் தந்தது நீங்கள் டிரா கேட்டதுதான், எதைப் பார்த்துவிட்டீர்களோ என்று, அதைக் கொம்பன் செய்யவில்லை என்றார். பாராட்டுக்குப் பதில் சொல்கிற பழக்கம் உமையாள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கையை நீட்டி அந்தச் சிப்பாயையும் அவர் ராஜாவையும் பழைய கட்டங்களுக்கே திருப்பி வைத்தாள்.

"அதை அமத்திருங்க," என்றார் ஞானசிகாமணி, மானிட்டரைக் காட்டி. "நீங்க உக்காருங்க. இதை நீங்க எப்பிடிக் காப்பாத்துவீங்கன்னு பாப்போம்."

கம்ப்யூட்டரை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியதும் மண்டபம் சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது, வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைப்பதும், மரத்தில் மைனாக்கள் சத்தம் போடுவதும் கேட்டது, அவையெல்லாம் இவ்வளவு நேரமும் இருந்திருக்கின்றன போல. உட்கார்ந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்த அதே நாற்காலி. வெள்ளைக் கட்டத்துப் பிஷப்பை எடுத்து நடுவே ஒரு கட்டத்தில் வைத்தாள், யாரும் சொல்லவில்லை, எந்தத் திரையிலும் எழுத்து வரவில்லை, வைத்த பிறகு அது சரியா என்று ஒரு சின்னச் சந்தேகம், சரிதான், சரியாகத்தான் இருக்க வேண்டும். அவர் யோசித்தார். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் தன் நகர்த்தலுக்காக யோசிக்கிறார் என்று நினைக்கையில் உடம்பு முழுவதும் லேசாகச் சிலிர்த்தது, ஏசியினால் அல்ல. அவர் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தார். வேறு பக்கத்திலிருந்து வரப் பார்க்கிறார். பார்க்கட்டும். அந்தப் பக்கமும் கதவு சாத்தித்தான் இருக்கிறது, ஆனால் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், இவர் இங்கே வந்தால் நான் அங்கே, அவர் அங்கே வந்தால் பிஷப் இங்கே, இல்லை, அதற்கு முன்னால் இதை. கதவு திறந்தது, தியாகேசன் உள்ளே வந்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கூடவே யாரோ கேமராவோடு. அணைந்து கிடந்த மானிட்டரைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், என்ன நடக்கிறது என்று பிடிபடாமல் நின்றான். முதல்வர் கூப்பிடுகிறார், பேப்பர்காரர்கள் காத்திருக்கிறார்கள், கொம்பன் ஏன் டிரா கேட்டது என்று எல்லோரும் கேட்கிறார்கள், நீதான் வந்து சொல்ல வேண்டும், எழுந்து வா என்றான்.

உமையாள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு தியாகு," என்றாள். "இப்ப என் ஆட்டம்."